ஆங்கிலச் சமய எழுத்தில் படைப்பெயர்கள்

ஹோஸ்ட், ஆர்மி, லீஜன், கோஹார்ட், பட்டாலியன், ரெஜிமென்ட் ஆகியவை ஆங்கிலத்தில் படையையும் படைப்பிரிவையும் குறிக்கும் தொகுதிப்பெயர்கள். போர்க்களத்துக்கு உரிய இந்தச் சொற்கள் ஆங்கில எழுத்தில் வேறு கூட்டங்களுக்கும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. விண்மீன்களும் வானதூதரும் ஹோஸ்ட் ஆகின்றனர். தியாகிகள் ஆர்மி ஆகின்றனர். தீய ஆவிகள் லீஜன் ஆகின்றன. இந்த வழக்கு மிகுதியாக வேரூன்றியிருப்பது சமய எழுத்தில்தான். அதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கிறது. பகைவரையும் நேசிக்கச் சொல்லும் ஒரு சமயம், தன்னை நம்புவோரைச் சேனை என்று அழைப்பது முறையா?

படைப்பெயர் உருவகமாக வரும்போது நான்கு பொருள்களைச் சுமந்து வருகிறது. முதலாவது எண்ணிக்கை: எண்ண முடியாத அளவு பலர். இரண்டாவது ஒழுங்கு: சிதறிக் கிடக்கும் கும்பல் அல்ல, அணிவகுத்த கூட்டம். மூன்றாவது கீழ்ப்படிதல்: ஒரு தலைமையின் சொல்லுக்கு அசையும் கூட்டம். நான்காவது எதிரி: படை என்றால் அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. மந்தை, திரள், கூட்டம் போன்ற பிற தொகுதிப்பெயர்களில் முதல் பொருள் இருக்கும். இரண்டாவதும் ஒருவேளை இருக்கும். நான்காவது படைப்பெயருக்கே உரியது. சமயச் சிந்தனையில் இந்த உருவகத்தின் நன்மையும் தீமையும் அந்த நான்காவது பொருளைக் கையாளும் விதத்தில் அடங்கியிருக்கின்றன.

ஹோஸ்ட்: வானத்தின் சேனை

ஆங்கிலத்தில் ஹோஸ்ட் என்ற வடிவில் வேறுவேறு மூன்று சொற்கள் வந்து கலந்திருக்கின்றன. விருந்தளிப்பவரைக் குறிப்பது லத்தீன் ‘ஹோஸ்பெஸ்’ வழி வந்தது. நற்கருணையில் வழங்கும் அப்பத்தைக் குறிப்பது ‘ஹோஸ்தியா’ என்ற பலிச்சொல்லின் வழி வந்தது. படையைக் குறிப்பது ‘ஹோஸ்திஸ்’ வழி வந்தது. ஹோஸ்திஸ் என்பதற்கு முதலில் அந்நியன் என்று பொருள். பிறகு பகைவன் என்றாகி, இடைக்கால லத்தீனில் படை என்றாகியது. விருந்தினரைக் குறிக்கும் ‘கெஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே மூலத்தின் கிளை. வாசலில் வந்து நிற்கும் அந்நியனை வரவேற்றவர் மொழியில் அவன் விருந்தினன். அஞ்சியவர் மொழியில் அவன் எதிரி.

எபிரேய வேதத்தில் ‘ஸாபா’ என்ற சொல் படையைக் குறிக்கிறது. அதன் பன்மை ‘ஸெபாவோத்’. இறைவனுக்கு வழங்கும் பட்டங்களில் ஒன்று இதிலிருந்து அமைந்தது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு அதை ‘லார்ட் ஆஃப் ஹோஸ்ட்ஸ்’ என்று தந்தது. தமிழில் சீர்திருத்தச் சபையினரின் வேதாகமம் ‘சேனைகளின் கர்த்தர்’ என்றும், கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் ‘படைகளின் ஆண்டவர்’ என்றும் தருகின்றன.

எந்தச் சேனைகள் அவை என்பதில் வேதமே ஒரே விடையைத் தருவதில்லை. கோலியாத்தின் முன் நிற்கும் தாவீது இந்தப் பட்டத்தைச் சொல்லும்போது, இஸ்ரவேலின் போர்வீரர்களைச் சேர்த்தே சொல்கிறான். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அதே எபிரேயச் சொல் வானத்திலும் பூமியிலும் படைக்கப்பட்ட அனைத்தையும் குறிக்கிறது. உபாகமத்தில் அது சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள். இரவு வானத்தில் ஒவ்வொரு மீனும் தன் இடம் தவறாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது அணிவகுப்பாகத் தோன்றியது. அங்கே சேனை என்றால் ஒழுங்கு. எதிரி யாரும் இல்லை.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் இந்தச் சொல்லை இன்னும் வியப்பாகக் கையாளுகிறது. இயேசு பிறந்த இரவில் மேய்ப்பர்களின் முன் தோன்றும் வானதூதர் கூட்டத்துக்குக் கிரேக்க மூலம் இட்ட பெயர் ‘ஸ்திரத்தியா’, அதாவது படை. 14ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் மொழிபெயர்ப்பு அதை விண்ணகத்தின் மாவீரர் குழு என்ற பொருளில் தந்தது. 1526இல் டிண்டேல் ‘சோல்ஜர்ஸ்’ என்று வீரர்களைப் பன்மையில் எழுதினார். 1611இல் அது ‘ஹோஸ்ட்’ என்ற ஒற்றைத் தொகுதிப்பெயராகியது. தனித்தனி வீரர்கள் மறைந்து ஒரே பெருந்திரள் எஞ்சியது. தமிழிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். பழைய வேதாகமம் ‘பரமசேனையின் திரள்’ என்கிறது. திருவிவிலியம் ‘விண்ணகத் தூதர் பேரணி’ என்கிறது. சேனை, பேரணியாக மாறியபோது ஆயுதம் கீழே வைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மூலத்தில் படை என்றே இருப்பதை மறந்தால் அந்தக் காட்சியின் ஆழம் போய்விடும். ரோமப் பேரரசின் படை நிலைகொண்டிருந்த காலம் அது. அப்போது இன்னொரு படை இறங்கி வருகிறது. வந்து பூமியில் சமாதானம் என்று பாடுகிறது.

யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்திலும் இந்தப் பட்டம் வருகிறது. வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கிறார்கள். அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளை எட்டியது என்று எழுதுகிறார் யாக்கோபு. அவர் கூலியாட்களைப் போருக்கு அழைக்கவில்லை. அடுத்த வசனங்களில் பொறுமையாயிருக்கச் சொல்கிறார். படையற்றவர்களுக்குப் படை உடையவர் ஒருவர் உண்டு என்ற ஆறுதலுக்காகவே அந்தப் பட்டம் அங்கே நிற்கிறது.

லீஜன்: பெயரை விழுங்கும் கூட்டம்

லீஜன் என்பது ரோமப் படையின் பெரும்பிரிவு. ஏறக்குறைய 5,000 பேர் கொண்டது. ஆங்கிலத்தில் இன்று எண்ணற்றவை என்ற பொருளில் இந்தச் சொல் பரவலாக வழங்குகிறது. அந்த வழக்குக்கு ஊற்று மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம்.

கல்லறைகளுக்கு நடுவே ஒரு மனிதன் வாழ்கிறான். சங்கிலிகளை முறிக்கிறான், இரவும் பகலும் கூவிக்கொண்டு கற்களால் தன்னையே கீறிக்கொள்கிறான். உன் பெயர் என்ன என்று இயேசு கேட்கிறார். தன் பெயர் லேகியோன் என்றும், தாங்கள் பலர் என்றும் விடை வருகிறது. இந்த விடையின் இலக்கணமே அவனுடைய நோயைச் சொல்லிவிடுகிறது. ஒருமையில் தொடங்குகிற வாக்கியம் பன்மையில் முடிகிறது. அம்மா அப்பா இட்ட பெயர் ஏதோ ஒன்று அவனுக்கு இருந்திருக்கும். அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு படைப்பிரிவின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆவிகள் ஏறக்குறைய 2,000 பன்றிகளுக்குள் புகுந்து கடலில் மாண்டபின், ஊரார் வந்து பார்க்கும்போது அந்த மனிதன் உடை உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். பலர் போய் ஒருவன் மீண்டதே அங்கு நடந்த நலம்.

ரோம ஆட்சியின்கீழ் வாழ்ந்த மக்களுக்கு லேகியோன் வெறும் எண்ணுப்பெயராக இருந்திருக்க முடியாது. அது தெருவில் நடமாடிய அதிகாரத்தின் பெயர். மத்தேயு நற்செய்தி இதே சொல்லை எதிர்த்திசையில் கையாளுகிறது. கைதாகும் வேளையில் சீடர் ஒருவர் வாளை உருவுகிறார். வாளை உறையில் போடச் சொல்லும் இயேசு, தாம் கேட்டால் பன்னிரண்டு லேகியோனுக்கும் அதிகமான தூதர்களைத் தந்தை அனுப்புவார் என்கிறார். ஆனால் அவர் கேட்கவில்லை. அழைக்கப்படாத படையாகவே அது கதையில் இடம்பெறுகிறது.

தொகுதிப்பெயர் தனிமனிதனை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இந்த இரு இடங்களும் சேர்ந்து விடை தருகின்றன. ஒரு கூட்டத்தின் பெயர் ஒருவனுடைய சொந்தப் பெயரை அழித்துவிடக்கூடும். அப்படி அழிந்த இடத்தை நற்செய்தி நோய் என்றே கருதுகிறது.

ஆயுதமற்ற சேனை ஆயுதம் ஏந்தியது

தொடக்ககாலத் திருச்சபை படைமொழியைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. எபேசியருக்கு எழுதிய நிருபம் சத்தியத்தைக் கச்சையாகவும் விசுவாசத்தைக் கேடயமாகவும் உருவகிக்கிறது. போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று முன்கூட்டியே வரம்பு கட்டிவிடுகிறது. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன் ஞானஸ்நான வாக்குறுதியைப் படைவீரனின் சத்தியப்பிரமாணத்துக்கு ஒப்பிட்டார். அந்தப் பிரமாணத்துக்கு உரிய ‘சாக்ரமெந்தும்’ என்ற லத்தீன் சொல்லே பின்னர் திருவருட்சாதனங்களின் பெயராக நிலைத்தது. அதே தெர்த்துல்லியன் கிறிஸ்தவன் ரோமப் படையில் சேரலாகாது என்று வாதிட்டவர். மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன், கிறிஸ்தவர்கள் பேரரசருக்காகப் போரிடுவதில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையளித்தபோது, அவர்கள் ஜெபத்தினால் ஒரு பக்திச் சேனையாக நிற்கிறார்கள் என்றார். உருவகச் சேனையில் இருப்பதே உண்மைச் சேனையில் சேராததற்குக் காரணமாயிற்று.

தெ தேயும் என்ற பழைய லத்தீன் துதிப்பாடல் தியாகிகளை வெண்ணுடைச் சேனை என்று அழைக்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபநூல் அதை உன்னதமான ‘ஆர்மி’ என்று மொழிபெயர்த்தது. தியாகிகள் யாரையும் கொல்லவில்லை, கொல்லப்பட்டார்கள். தோற்றவர்களின் பட்டியலை வெற்றிப்படையாகக் காணும் துணிவு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய துறவற விதி, துறவியின் வாழ்வைப் படைத்தொண்டாகப் பேசுகிறது. அங்கும் எதிரி துறவியின் உள்ளேதான் இருந்தான். திருப்பம் 11ஆம் நூற்றாண்டில் வந்தது. 1073 முதல் 1085 வரை போப்பாண்டவராக இருந்த ஏழாம் கிரெகொரி, புனித பேதுருவின் படை என்ற தொடரை உண்மையான வாளேந்திய வீரர்களுக்கும் பயன்படுத்தினார். 1095இல் கிளேர்மோன் நகரில் இரண்டாம் உர்பன் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோவின் பெர்னார்டு, துறவியும் போர்வீரனும் ஒருவரேயான டெம்ப்ளர் சபையினரைப் புதிய படை என்று புகழ்ந்து ஒரு நூலே எழுதினார். சொல் மாறவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக உள்ளத்தின் தீமையைக் குறித்துவந்த எதிரி என்ற இடத்தில் இப்போது மனிதர்கள் நிறுத்தப்பட்டார்கள். கிறிஸ்து வாளை உறையில் போடச் சொன்ன அதே சமயத்தின் பெயரால் எருசலேமில் இரத்தம் ஓடியது. அதற்குச் சொல் மட்டும் காரணமல்ல; ஆனால் வழியைச் சொல் ஏற்கெனவே செப்பனிட்டு வைத்திருந்தது.

இரட்சணிய சேனை

ஆங்கிலேய மண்ணில் இந்த உருவகம் முழு உருவம் பெற்றது 1878இல். வில்லியம் பூத், கேதரின் பூத் தம்பதியர் 1865இல் கிழக்கு லண்டனின் ஏழைகளிடையே ஊழியம் தொடங்கினர். அது கிறிஸ்தவ மிஷன் என்று பெயர் பெற்றிருந்தது. 1878இல் ஓர் அறிக்கையைத் தயாரித்தபோது, மிஷன் ஒரு தொண்டர் சேனை என்ற வரி அதில் இருந்தது. அக்காலப் பிரிட்டனில் ‘வாலண்டியர்’ என்பது பகுதிநேரக் குடிமக்கள் படையின் பெயர். பூத்தின் மகன் பிராம்வெல், தான் பகுதிநேரத்தான் அல்ல, முழுநேர வீரன் என்று மறுப்புத் தெரிவித்தார். பூத் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘சால்வேஷன்’ என்று எழுதினார். சால்வேஷன் ஆர்மி பிறந்தது. தமிழில் அது இரட்சணிய சேனை.

அதன்பின் உருவகம் நிறுவனத்தின் ஒவ்வொரு அங்கத்தையும் தொட்டது. உள்ளூர்ச் சபை ‘கோர்’ ஆயிற்று; போதகர் கேப்டனும் மேஜரும் ஆனார்; விசுவாசி சோல்ஜர் ஆனார். 1879இல் தொடங்கிய இதழின் பெயர் போர் முழக்கம் என்று பொருள்படும் ‘வார் க்ரை’. உறுப்பினர் இறந்தால் மகிமைக்குப் பதவி உயர்வு பெற்றார் என்பது அவர்களின் வழக்கு. பெண்களும் அதிகாரிகள் ஆனார்கள். அன்றைய ஆங்கிலேயச் சபைகளில் மிகப் பலவும் பெண்ணைப் பிரசங்க மேடையில் ஏற்றாத காலத்தில், படைத்தரம் என்ற ஏற்பாடு அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது.

1880களில் இங்கிலாந்தின் தென்பகுதி ஊர்களில் இவர்களின் ஊர்வலங்களைத் தாக்கக் கும்பல்கள் கூடின. அவையும் தமக்கு எலும்புக்கூட்டுச் சேனை என்று பெயர் சூட்டிக்கொண்டன. மண்டையோட்டுக் கொடி ஏந்தி வந்து கல்லும் அழுகிய பண்டங்களும் எறிந்தன. ஒரே தெருவில் ஆர்மி என்ற பெயரில் இரு கூட்டங்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று அடித்தது; மற்றொன்று மேளம் கொட்டிப் பாடியபடி அடிவாங்கியது. இரண்டுக்கும் எண்ணிக்கை, ஒழுங்கு, தலைமை எல்லாம் இருந்தன. எதிரி யார் என்பதில்தான் வேறுபாடு. பூத்தின் கூட்டத்துக்குக் குடியும் பசியும் எதிரி. கல்லெறிந்தவன் நாளைக்குத் தங்களோடு சேரவேண்டியவன்.

இரட்சணிய சேனை 1882இல் இந்தியாவுக்கு வந்தது. நாகர்கோவிலில் அது நடத்தும் மருத்துவமனை கேதரின் பூத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கத்தோலிக்கரிடையே 1921இல் டப்ளின் நகரில் ஃபிராங்க் டஃப் தொடங்கிய ‘லீஜன் ஆஃப் மேரி’, தமிழகப் பங்குகளில் மரியாயின் சேனை என்று வழங்குகிறது. அதன் கிளைக்குப் பெயர் பிரசீடியம். ரோமப் படையின் காவல்நிலையைக் குறித்த சொல். நோயாளிகளைச் சந்திப்பதும் ஜெபமாலை சொல்வதுமே அந்தக் காவல்நிலையின் பணி.

தேய்ந்த உருவகங்கள்

அடிக்கடி புழங்கும் உருவகம் தேயும். 1807இல் வெளியான வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் ஏரிக்கரை மலர்கள் ஹோஸ்ட் ஆயின. அங்கே படையின் நினைவே இல்லை, ஒளிரும் பெருந்திரள் மட்டுமே உண்டு. கோஹார்ட் என்ற ரோமப் படைக்கூறு இன்று ஒரே ஆண்டில் பிறந்தவர்களையோ, ஒன்றாகப் படித்தவர்களையோ குறிக்கும் ஆய்வுச்சொல். பட்டாலியன் மட்டும் இன்னும் சற்றுக் கனத்தோடு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் துயரங்கள் ஒற்றர்களாகத் தனித்து வராமல் பட்டாலியன்களாக வருவதாகக் கிளாடியஸ் வருந்துகிறான்.

ரெஜிமென்ட் தரும் பாடம் வேறு. 1558இல் ஜான் நாக்ஸ் பெண்ணரசிகளுக்கு எதிராக எழுதிய நூலின் தலைப்பில் இந்தச் சொல் வருகிறது. அது பெண்களின் படை என்று பலராலும் படிக்கப்படுகிறது. நாக்ஸின் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஆட்சி என்று பொருள். படைப்பொருள் பின்னர் மேலோங்கியதால், தவறான ஒரு கருத்து வேறொரு தவறான கருத்தாக வாசிக்கப்படுகிறது.

கம்பெனி என்ற சொல்லின் வரலாறு மனத்தை நெகிழச் செய்வது. அதன் லத்தீன் வேர் ‘உடன்’, ‘அப்பம்’ என்ற இரண்டு சொற்களின் கூட்டு. ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்பவர்கள் கம்பெனி. இனிகோ லொயோலாவும் தோழர்களும் தங்கள் குழுவுக்கு இட்ட ஸ்பானியப் பெயர் ‘கொம்பான்யியா’. 1540இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் அளித்தார். லொயோலா முன்னாள் போர்வீரர் என்பதால் அதைப் படைப்பெயராகக் கொள்வோர் உண்டு. அக்கால ஸ்பானியத்தில் அது எந்தத் தோழமைக் குழுவுக்கும் வழங்கிய சொல்தான். ஆங்கிலத்தில் அது ‘சொசைட்டி’ ஆயிற்று. தமிழில் இயேசு சபை.

உருவகம் வேண்டுமா?

இந்த உருவகத்துக்கு வலுவான தத்துவ ஆதரவு அளித்தவர் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1910இல் வெளியான ‘போருக்கு ஓர் அறநிகர்’ என்ற பொருள்படும் கட்டுரையில் அவர் போரை வெறுப்பவராகவே பேசுகிறார். ஆனால் தன்னலம் மறத்தல், கட்டுப்பாடு, கடினம் தாங்குதல் ஆகிய குணங்களைப் போர்ப்பயிற்சி வளர்த்ததையும் ஒப்புக்கொள்கிறார். இளைஞர்களை இயற்கையின் இடர்களுக்கு எதிரான ஒரு படையாகத் திரட்டிச் சுரங்கத்திலும் மீன்படகிலும் சாலைப்பணியிலும் உழைக்கவைத்தால், இரத்தம் சிந்தாமலே அந்தக் குணங்களைக் காக்கலாம் என்பது அவர் கருத்து. இயற்கையை எதிரியாக நிறுத்தியது இன்று உறுத்துகிறது; எதிரியை மாற்றினால் படையின் குணம் மாறும் என்று அவர் கண்டது உண்மை.

17ஆம் நூற்றாண்டுக் குவேக்கர்கள் இதை முன்பே வாழ்ந்து காட்டினர். ஜேம்ஸ் நெய்லர் 1657இல் ஆட்டுக்குட்டியானவரின் போர் பற்றி எழுதினார். சில ஆண்டுகளில் குவேக்கர்கள் எல்லா ஆயுதப்போரையும் மறுத்து அரசருக்கு அறிக்கை அளித்தனர். போர்மொழியும் போர்மறுப்பும் ஒரே வாயில் இருந்தன. மார்ட்டின் லூதர் கிங், 1963இல் பர்மிங்ஹாமில் நடந்த போராட்டத்தைப் பற்றிய தம் நூலில், அந்த இயக்கத்தைச் சேனை என்று அழைக்கத் தயங்கவில்லை என்கிறார். மன உண்மையைத் தவிர வேறு தளவாடம் இல்லாத சேனை என்று அதற்கு விளக்கமும் தருகிறார்.

எதிர்க்குரலும் நியாயமானது. 1860களின் நடுவில் யார்க்‌ஷயரின் ஹார்பரியில் சிற்றூர்ப் பிள்ளைகளின் ஊர்வலத்துக்காகச் சபைன் பேரிங்-கூல்ட் எழுதிய கிறிஸ்தவ வீரர் பாடல், பிற்காலத்தில் பேரரசின் செருக்கோடு சேர்ந்து ஒலித்தது. 1986இல் அமெரிக்க மெத்தடிஸ்டு சபையின் பாடல்நூல் குழு அதை நீக்க முடிவு செய்தது. எதிர்ப்பு வெள்ளமாக வந்தது. 1989 நூலில் பாடல் இடம்பெற்றது. நீக்க விரும்பியவர்கள் போரின் எதிரொலியைக் கேட்டார்கள். காக்க விரும்பியவர்கள் தாத்தா பாட்டியோடு பாடிய ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டார்கள். இருவர் செவியும் பொய் சொல்லவில்லை.

ஆகவே இந்தச் சொற்களை ஒட்டுமொத்தமாக ஏற்பதும் தள்ளுவதும் தவறு. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். முதலாவது, இந்தச் சேனைக்குள் ஒருவருடைய சொந்தப் பெயர் பிழைத்திருக்கிறதா? பிழைக்கவில்லை என்றால் அது கல்லறைகளின் நடுவே கூவிய லேகியோன். இரண்டாவது, எதிர்ப்பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? பசி, பொய், சொந்த நெஞ்சின் பேராசை இவை நின்றால் சேனை என்ற சொல் மனிதருக்குத் துணிவு தரும் நல்ல உருவகம். அங்கே வேறொரு சாதி, வேறொரு மதம், வேறொரு நாட்டு மக்கள் நிறுத்தப்பட்டால், எவ்வளவு பக்தியோடு எழுதப்பட்டாலும் அது உருவகம் அல்ல, போருக்கான அழைப்பு. சமயத்தைப் பற்றி எழுதுகிறவர் எந்த மொழியில் எழுதினாலும், சேனை என்று எழுதும் முன் அதன் எதிரியின் பெயரைத் தம் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும். அது ஒரு மனிதரின் பெயராக இருந்தால், அந்தச் சொல்லை எழுதக்கூடாது.